காது கேளாத மகளின் யூடியூப் பாடத்துக்குத் தமிழ் சப்டைட்டில்: 6,500 ரூபா கொடுக்கலாமா?

கேள்வி: என் மகள் இந்த வருடம் பத்தாம் தரம். ஏழு வயதில் வந்த மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு காதும் சரியாகக் கேட்பதில்லை. கருவி போட்டிருக்கிறாள். முகம் பார்த்து ஆறுதலாகக் கதைத்தால் விளங்கிக்கொள்வாள், நன்றாக வாசிப்பாள். யூடியூபில் விஞ்ஞானப் பாடம் பார்க்கும்போதுதான் கஷ்டம். ஆசிரியர் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டே படிப்பிக்கிறார். வீடியோவில் எழுத்து வரவைக்கும் ‘சிசி’ பொத்தானை அழுத்தினால் சம்பந்தமில்லாத ஆங்கிலச் சொற்கள் ஓடுகின்றன. கல்முனையில் ஒரு ஃபோன் கடையில், எல்லா வீடியோவுக்கும் தமிழ் எழுத்து வரவைக்கும் ‘ஸ்பெஷல் ஆப்’ இருக்கிறது, 6,500 ரூபாவுக்குப் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். வாங்கலாமா? எங்களிடம் இருப்பது இரண்டு சாதாரண ஆண்ட்ராய்டு ஃபோன்கள்.

– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: வாங்காதீர்கள் அம்மா. முற்பணம் ஏதும் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்த் திருப்பிக் கேளுங்கள். எல்லா வீடியோவுக்கும் பிழையில்லாமல் தமிழ் எழுத்து வரவைக்கும் செயலி எந்தக் கடையிலும் இல்லை. ஓரளவுக்கு உதவக்கூடியது இலவசமாகவே கிடைக்கிறது. அதற்கு வேண்டிய இரண்டு ஃபோன்களும் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன.

முதலில் அந்த ஆங்கிலச் சொற்கள் ஏன் வருகின்றன என்று சொல்கிறேன். யூடியூபில் ஓடும் எழுத்து இரண்டு வகை. ஒன்று, வீடியோ போட்டவர் தானே எழுதிச் சேர்த்தது. மற்றது, இயந்திரம் சத்தத்தைக் கேட்டு ஊகித்து எழுதுவது. வீடியோவை ஏற்றும்போது அது எந்த மொழி என்று குறிப்பிட ஓர் இடம் உண்டு. உங்கள் மகள் பார்க்கும் பாடத்தில் அந்த இடத்தில் ஆங்கிலம் என்று விழுந்திருக்கிறது, அல்லது இயந்திரம் அப்படி எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவரை மட்டக்களப்புச் சந்தையில் கொண்டுவந்து நிறுத்தி, காதில் விழுவதை எல்லாம் எழுது என்றால் அவர் என்ன எழுதுவாரோ அதைத்தான் உங்கள் மகள் வாசிக்கிறாள். அவளுடைய விளக்கத்தில் குறை இல்லை. இதை முதலில் அவளுக்குச் சொல்லிவிடுங்கள். திரையில் வருவது சரி, எனக்குத்தான் விளங்கவில்லை என்று நினைத்துக்கொள்ளும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எந்த வகை எழுத்து என்று பார்ப்பது சுலபம். வீடியோவின் பற்சக்கரக் குறியை அழுத்தி, சப்டைட்டில் பகுதிக்குப் போங்கள். மொழியின் பெயருக்குப் பக்கத்தில் ‘தானாக உருவாக்கப்பட்டது’ என்று இருந்தால் இயந்திரம் எழுதியது. வெறுமனே ‘தமிழ்’ என்று இருந்தால் மனிதர் எழுதியது, அதை நம்பிப் படிக்கலாம். இன்னொன்று: அந்தப் பிழையான ஆங்கிலத்தைத் தமிழுக்கு மொழிபெயர்க்கும் வசதியும் அங்கேயே இருக்கும். அதைத் தொடவேண்டாம். பிழையை மொழிபெயர்த்தால் பிழைதான் வரும், அதுவும் பார்க்க ஒழுங்கான தமிழ் மாதிரி வரும். அது இன்னும் ஆபத்து.

சரி, இப்போதைக்கு என்ன செய்யலாம்? பிளே ஸ்டோரில் ‘லைவ் டிரான்ஸ்கிரைப்’ என்ற செயலி இருக்கிறது. கூகுள் நிறுவனம் 2019இல் வெளியிட்டது. காது கேளாத ஓர் ஆய்வாளரும் சேர்ந்து உருவாக்கியது, அமெரிக்காவில் காது கேளாதோருக்கென்றே இயங்கும் கல்லோடெட் பல்கலைக்கழகத்தோடு கலந்து செய்தது. முற்றிலும் இலவசம். மொழிப் பட்டியலில் தமிழ் உண்டு. இலங்கைத் தமிழ் என்று தனியாகக் காட்டினால் அதையே தெரிவு செய்யுங்கள். ஒரு ஃபோனில் பாட வீடியோவை ஓடவிடுங்கள். மற்ற ஃபோனில் இந்தச் செயலியைத் திறந்து, அதன் மைக், வீடியோ ஃபோனின் ஸ்பீக்கருக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும்படி மேசையில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், ஏனென்றால் அதன் இரைச்சலையும் மைக் எடுத்துக்கொள்ளும். மகளின் கருவி புளூடூத்தில் வீடியோ ஃபோனோடு இணைந்திருந்தால் சத்தம் முழுவதும் கருவிக்குப் போய்விடும், ஸ்பீக்கரில் ஒன்றும் வராது. அதனால் அந்த நேரத்துக்கு இணைப்பைத் துண்டிக்க வேண்டும். இரண்டு ஃபோனுக்கும் இணையம் வேண்டும், டேட்டா கொஞ்சம் போகும். அவ்வளவுதான் செலவு.

இதிலும் பிழை வரும். எப்படிப்பட்ட பிழை என்று தெரிந்திருந்தால் சமாளிக்கலாம். அண்மையில் ஒரு மாணவியோடு இருந்து இதே முறையில் தாவரப் பாடம் ஒன்றைப் பார்த்தோம். ஆசிரியர் ‘ஒளித்தொகுப்பு’ என்று சொல்லும்போதெல்லாம் திரையில் ‘ஒலி தொகுப்பு’ என்றே விழுந்தது. அந்தப் பிள்ளை வீடியோவை நிறுத்திவிட்டு, மேசையில் கிடந்த பூவரசம் இலையைத் தூக்கிக் காட்டி, பிறகு தன் காதைத் தொட்டுக் காட்டி, இலையில் சத்தம் வருமா என்று என்னைக் கேட்டாள். கேட்கிற பிள்ளைக்கு இந்தக் குழப்பமே வராது. காது கேளாத பிள்ளைக்கு ‘ல’, ‘ள’ என்ற ஓர் எழுத்தில் பாடமே மாறிவிடுகிறது. வேறொரு பாடத்தில் ‘ஆர்முடுகல்’ என்பது ‘ஆறு முடுக்கல்’ என்று வந்தது. தமிழ்நாட்டுப் பாடநூலில் ஒளிச்சேர்க்கை, முடுக்கம் என்பார்கள். நாங்கள் ஒளித்தொகுப்பு, ஆர்முடுகல் என்கிறோம். நம்முடைய கலைச்சொற்கள் இந்த இயந்திரத்துக்குப் பழக்கமில்லை.

ஆகவே வீடியோ தொடங்குமுன் பாடநூலில் அந்த அத்தியாயத்தைத் திறந்து, தடித்த எழுத்தில் உள்ள சொற்களை ஒரு தாளில் பெரிதாக எழுதிப் பக்கத்தில் வையுங்கள். ஒரு பாடத்தில் பத்து, பன்னிரண்டு சொல்தான் வரும். திரையில் புரியாத ஒன்று வந்ததும் மகள் தாளைப் பார்த்தால், இது அந்தச் சொல்லாக இருக்கும் என்று பிடித்துக்கொள்வாள். வாசிக்கத் தெரிந்த பிள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள், அவளுக்கு இது இரண்டு நாளில் பழகிவிடும்.

இனி அந்தக் கடை விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. காது கேளாத பிள்ளைகளின் பெற்றோரைத் தேடிப்போய் ஏமாற்றுகிற ஆட்கள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கூடிவிட்டார்கள். வாழைச்சேனைப் பக்கம் ஒரு தகப்பன், மீன் விற்கிற மனிதர், 4,500 ரூபா கொடுத்து ‘சப்டைட்டில் ஆப்’ போட்டுக்கொண்டு வந்தார். ஃபோனை வாங்கித் திறந்து பார்த்தேன். நான் மேலே சொன்ன அதே இலவசச் செயலி. கடைக்காரர் பிளே ஸ்டோரில் இருந்து இறக்கி, தமிழைத் தெரிவு செய்து கொடுத்திருக்கிறார். இரண்டு நிமிட வேலைக்கு அந்த மனிதரின் இரண்டு நாள் உழைப்பு போய்விட்டது. உண்மையில் அவர் தப்பியவர் என்றுதான் சொல்லவேண்டும்.

தப்பாதவர்களும் இருக்கிறார்கள். சிலர் பிளே ஸ்டோரில் இல்லாத செயலியை, வாட்ஸ்அப்பிலோ கேபிள் வழியாகவோ நேரடியாக ஃபோனில் ஏற்றிவிடுகிறார்கள். பிறகு அமைப்புகளுக்குள் போய் ‘அணுகல்தன்மை’ என்ற பகுதியில் அதற்கு அனுமதி கொடுக்கச் சொல்கிறார்கள். பார்வை, செவிப்புலன் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவத்தான் அந்தப் பகுதி இருக்கிறது, அதனால் பெற்றோருக்குச் சந்தேகமே வருவதில்லை. ஆனால் அந்த அனுமதி கிடைத்த செயலி, திரையில் வருவதை எல்லாம் வாசிக்கலாம், உங்களுக்குப் பதிலாகத் தானே பொத்தானை அழுத்தலாம். நீங்கள் வங்கிச் செயலியைத் திறந்தால் அதையும் பார்க்கும். குறுஞ்செய்தியில் வரும் ரகசிய எண்ணையும் பார்க்கும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத செயலிக்கு அந்த அனுமதியை ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் உடனே அந்தப் பகுதிக்குப் போய் அனுமதியை நிறுத்தி, செயலியை அழித்து, வேறு ஒரு ஃபோனில் இருந்து கடவுச்சொற்களை மாற்றி, வங்கிக்கும் சொல்லிவிடுங்கள்.

இதோடு இன்னொரு கூட்டமும் இருக்கிறது. வெளிநாட்டு உதவியில் இலவச டேப்லெட் வரும், எல்லாப் பாடமும் எழுத்தோடு வரும் என்று சொல்லி, பிள்ளையின் புகைப்படம், காதுப் பரிசோதனை அறிக்கை, தாயின் அடையாள அட்டைப் பிரதி, வங்கிக் கணக்கு எண், போதாததற்குப் ‘பதிவுக் கட்டணம்’ என்று ஐந்நூறோ ஆயிரமோ வாங்கிக்கொண்டு போகிறார்கள். அப்புறம் அந்த நம்பர் வேலை செய்யாது. உண்மையில் உதவி கொடுக்கிற எவரும் பதிவுக்குக் காசு கேட்பதில்லை. யாராவது படிவத்தோடு வந்தால் ஒன்றிலும் கையெழுத்து வைக்கவேண்டாம். பிரதேச செயலகத்தில் இருக்கும் சமூக சேவை உத்தியோகத்தரிடம் படிவத்தைக் காட்டிக் கேளுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைப் பிரித்துச் சொல்லவேண்டும். உங்கள் மகளுக்கு இது பொருந்தாது, ஆனால் இதை வாசிக்கும் வேறு பெற்றோருக்குப் பொருந்தும். நான் மேலே சொன்னது எல்லாம் தமிழைக் காதால் கேட்டுப் பழகி, வாசிக்கவும் கற்ற பிள்ளைக்கு. உங்கள் மகள் ஏழு வயது வரை கேட்டவள், மொழி அவளுக்குள் இருக்கிறது. பிறவியிலேயே கேளாத, சைகையில் வளர்ந்த பிள்ளைக்கு நிலைமை வேறு. அந்தப் பிள்ளைக்குச் சைகைதான் முதல் மொழி. எழுத்துத் தமிழ் அவனுக்கு இரண்டாவது மொழி, நமக்குச் சிங்களமோ ஆங்கிலமோ மாதிரி. சைகை மொழிக்குத் தனி இலக்கணம் இருக்கிறது. ‘வந்தான்’, ‘வந்தால்’, ‘வந்தாலும்’ என்று சொல்லின் கடைசியில் பொருளை மாற்றுகிற தமிழ், காதால் ஒருநாளும் கேட்டிராத பிள்ளைக்கு எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். அவன் வாசித்து முடிக்குமுன் அடுத்த வரி வந்துவிடும். அப்படிப்பட்ட பிள்ளையைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, எழுத்து ஓடுகிறதே, ஏன் விளங்கவில்லை என்று கண்டிப்பது பெரிய அநியாயம். கண்டிக்கிற ஆசிரியர்களையும் பார்த்திருக்கிறேன், தெரியாமல்தான் செய்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குப் பாடத்தைச் சைகையில் சொல்ல ஒருவர் வேண்டும். அது முடியாத வீட்டில் வீடியோவின் வேகத்தைப் பற்சக்கரக் குறிக்குள் போய் 0.75க்குக் குறைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, படம் வரைந்து காட்டுங்கள். ஐந்து நிமிட வீடியோவுக்கு அரை மணித்தியாலம் போனாலும் பரவாயில்லை. சப்டைட்டில் அந்தப் பிள்ளைக்கு ஒரு துணை மட்டும்தான். ஒரே வகுப்பில் இரண்டு வகைப் பிள்ளைகளும் இருப்பார்கள், கருவியைப் பார்த்து ஆளை மதிப்பிடக்கூடாது.

கடைசியாக, சரியான தீர்வு. இவ்வளவு சுற்றிவளைக்கத் தேவையே இல்லை. அந்த ஆசிரியர் ஒரு பாடத்துக்குக் கொஞ்ச நேரம் செலவழித்தால் பிரச்சினை தீர்ந்தது. அவர் குறிப்பு எழுதி வைத்துக்கொண்டுதான் படிப்பிக்கிறார். கணினியில், வீடியோ போடுபவர்களுக்கென்று இருக்கும் யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்து, வீடியோவின் மொழியைத் தமிழ் என்று மாற்றி, சப்டைட்டில் பகுதியில் தான் பேசியதைத் தட்டச்சு செய்து, பேச்சோடு நேரம் பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும், ஒரு சதம் செலவில்லை. ஒரே ஒரு கவனம்: பாமினி எழுத்துருவில் அடித்த குறிப்பை அப்படியே கொண்டுபோய் ஒட்டினால் திரையில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் வரும். எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் பொது எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாற்றியபின் ஒட்டவேண்டும். மாற்றித் தரும் இலவசத் தளங்கள் இருக்கின்றன. நம் பக்கத்து டைப்செட்டிங் கடைகளில் இன்னும் பாமினிதான் ஓடுகிறது என்பதால் சொல்கிறேன்.

முன்பு பார்வையாளர்களே எழுத்துச் சேர்த்துக் கொடுக்கும் வசதி யூடியூபில் இருந்தது. காது கேளாதவர்கள் எதிர்த்தும் 2020 செப்டம்பரில் அதை நிறுத்திவிட்டார்கள். ஆகவே இப்போது போட்டவர்தான் சேர்க்கவேண்டும். அமெரிக்காவில் காது கேளாதோர் சங்கம் வழக்குப் போட்டு, 2014க்குள் தன் எல்லாப் படங்களுக்கும் எழுத்துச் சேர்ப்பதாக 2012இல் நெட்ஃபிளிக்ஸை இணங்கவைத்தது. நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான சட்டம் 1996இலேயே வந்துவிட்டது. அதே உரிமைகளுக்கான ஐ.நா. சாசனத்தையும் 2016இல் ஏற்றுக்கொண்டோம். கொரோனாக் காலத்தில் பாடசாலை பூட்டியதும் அவசரம் அவசரமாக வீடியோப் பாடங்கள் வந்தன. அவற்றில் எழுத்துச் சேர்க்கும்படி ஒரு கல்வி அலுவலகத்துக்கு மகஜர் கொண்டுபோனேன். ‘அப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?’ என்று கேட்டார்கள். பெயர்ப் பட்டியல் கொடுத்தேன், பதில் வரவில்லை. ஒரு பிள்ளை இருந்தாலும் சேர்க்கத்தான் வேண்டும். அந்தக் கேள்வியே பிழை.

அலுவலகத்தை எதிர்பார்த்துக்கொண்டு இருந்தால் உங்கள் மகளின் ஓ.எல். பரீட்சை வந்துவிடும். ஆசிரியருக்கு நீங்களே எழுதுங்கள். வீடியோவுக்குக் கீழே ஃபோன் நம்பர் போட்டிருந்தால் வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பலாம்:

‘வணக்கம் சேர். என் மகளுக்குக் காது கேட்காது, உங்கள் பாடங்களைத்தான் பார்த்துப் படிக்கிறாள். வீடியோவின் மொழி ஆங்கிலம் என்று இருப்பதால் எழுத்துப் பிழையாக வருகிறது. அதைத் தமிழ் என்று மாற்றிவிடுவீர்களா? உங்கள் பாடக் குறிப்பை அனுப்பினால் சப்டைட்டிலை நாங்களே அடித்துத் தருகிறோம், நீங்கள் ஏற்றினால் மட்டும் போதும்.’

அடித்துத் தருகிறோம் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அதைப் பார்த்துத்தான் பல ஆசிரியர்கள் சம்மதிக்கிறார்கள். தட்டச்சுத் தெரிந்த ஓர் அண்ணனோ மச்சாளோ உங்கள் குடும்பத்தில் இருந்தால் ஒரு பாடம் ஒரு மாலை வேலை. ஒரு தடவைக்கு இரண்டு வரிக்கு மேல் வராமல் வெட்டுங்கள், ‘ஒளித்தொகுப்பு’ போன்ற சொல்லை வரி முடிவில் உடைக்காதீர்கள். முதல் பாடத்தை மகளிடமே பிழை திருத்தக் கொடுங்கள்.