எண்ட் சோனைத் தாண்டி உருண்ட பந்து: விதியை மாற்றக் கோருவது எப்படி?

கேள்வி: தாக்கும் அணி வீரரின் கையிலிருந்து நழுவிய பந்து எதிரணியின் எண்ட் சோன் (மைதானத்தின் கடைசியில், புள்ளி எடுக்கும் பகுதி) வழியாக வெளியேறினால், அதை எடுக்காத எதிரணிக்கே பந்து போய்விடுகிறது. இதை மாற்றுமாறு, அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லுக்கு ஒரு முன்மொழிவு எழுத விரும்புகிறேன். எப்படி எழுதுவது, யாருக்கு அனுப்புவது?

பதில்: ரசிகர் நேரடியாக முன்மொழிய வழியில்லை. 32 அணிகளில் ஒன்றோ, லீகின் போட்டிக் குழுவோ முன்வைக்க வேண்டும். நிறைவேற 24 வாக்குகள் தேவை. 2025 மே மாதத்தில், 'டஷ் புஷ்' (பந்தை வைத்திருப்பவரைச் சக வீரர்கள் பின்னாலிருந்து தள்ளுவது) ஆட்டத்தைத் தடை செய்யும் முன்மொழிவு 22 வாக்குகள் பெற்றும் தோற்றது. எனவே ஏதேனும் ஓர் அணி நிர்வாகம் தன் பெயரில் எடுத்துச் செல்லத் துணியும் வகையில் உங்கள் கடிதம் அமைய வேண்டும்.

'இது அநியாயம்' என்ற வாதம் மட்டும் போதாது. மைதானத்தின் வேறெந்த இடத்திலும், முன்னோக்கி நழுவி வெளியேறும் பந்து நழுவிய இடத்திற்கே திரும்புகிறது, உரிமையும் மாறுவதில்லை என்பதே உங்கள் வலுவான ஆதாரம். 2021 ஜனவரியில் கான்சாஸ் சிட்டிக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில், முதல் பாதி முடியும் தறுவாயில், பிரவுன்ஸ் அணி வீரர் ரஷார்ட் ஹிக்கின்ஸ் எண்ட் சோனின் மூலைக் கம்பத்தை நோக்கிப் பாய்ந்தபோது எதிரணியின் டேனியல் சோரன்சன் மோதியதில், எண்ட் சோன் கோட்டுக்குச் சற்று முன்னால் பந்து நழுவி எண்ட் சோன் வழியாக வெளியேறியது. பந்து கான்சாஸ் சிட்டி அணியான சீஃப்ஸுக்கு 20 யார்டு கோட்டில் தரப்பட்டது. அவர்கள் அதிலேயே மூன்று புள்ளிகள் எடுத்து இடைவேளைக்கு 19-3 என்று முன்னிலையில் சென்றார்கள். முடிவில் சீஃப்ஸ் 22-17 என்று வென்றது. இதை விவரியுங்கள், தோல்விக்கு இதுவே காரணம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

எதிர்வாதத்தையும் நீங்களே எழுப்பிப் பதில் சொல்லுங்கள். தன் எண்ட் சோன் வழியாகப் பந்தை வெளியே விடும் அணி இரண்டு புள்ளிகளையும் பந்தையும் இழக்கிறது, ஆகவே அந்தப் பரப்பில் தண்டனை கடுமையாக இருப்பதே முறை என்பார்கள். அதில் நியாயம் உண்டு என்பதால், நழுவிய இடத்திலேயே பந்தைத் தரும்படி கேட்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோட்டருகே பந்தை நீட்டிப் பார்ப்பதில் பிறகு ஆபத்தே இராது. உரிமை தாக்கும் அணியிடமே இருக்கட்டும், ஆனால் பந்து 20 யார்டு கோட்டுக்குப் பின்வாங்கட்டும், அந்த டவுனும் (பந்தை முன்னேற்றக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒன்று) கழியட்டும் என்று கேளுங்கள். நான்காவது டவுனில் பழைய விதியே தொடரும் என்றும் சேர்த்துவிடுங்கள்; இல்லையெனில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

வடிவத்தில் சிக்கலில்லை: 8ஆம் விதியின் 7ஆம் பிரிவில் மாறும் வரிகள், புதிய வரிகள், பிறகு 'போட்டிச் சமநிலை' என்று ஒற்றை வரிக் காரணம்.

கோரிக்கையின் அளவையும் குறையுங்கள். கூடுதல் நேரத்தில் இரு அணிக்கும் பந்து வாய்ப்பளிக்கும் மாற்றம் 2022இல் பிளேஆஃபுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்ட பிறகே 29-3 என நிறைவேறியது. வழக்கமான பருவத்திற்கு 2025இல்தான் வந்தது. 2024இன் புதிய கிக்ஆஃப் (ஆட்டத்தைத் தொடங்கும் உதை) விதிகூட முதலில் ஓராண்டுக்கு மட்டுமே ஏற்கப்பட்டது. நீங்களும் ஓராண்டுச் சோதனையாகவே கேளுங்கள்.