மாநகராட்சி வரி ஏறியதற்காக ஒரே வீட்டை விற்க வேண்டுமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் எங்களுக்கு இருப்பது ஒரே வீடு. 1991இல் என் கணவர் வாங்கியது. தரைத்தளம் 640 சதுர அடி, மாடி 520. அவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. உயில் எதுவும் எழுதி வைக்கவில்லை. குடும்ப ஓய்வூதியம் மாதம் 22,000 ரூபாய், மாடி வாடகை 8,500. அரையாண்டுக்கு 1,400 ரூபாயாக இருந்த சொத்து வரி 2022இல் 2,450 ஆனது. இப்போது மறுபடி வந்து அளந்தவர்கள், மாடியில் குடியிருப்பவர்கள் வெள்ளிக் கொலுசு வேலை செய்வதால் வணிகக் கட்டிடமாக வரி வரும் என்கிறார்கள். பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் வரி ஏறத்தான் செய்யும், வாடகைக்கு வருமான வரியும் கட்ட வேண்டும், விற்றுவிட்டு ஃபிளாட் வாங்கிக்கொள்ளலாம் என்கிறான் மகன். மகள் ஈரோட்டில் இருக்கிறாள். என்ன செய்வது?

பதில்: அம்மா, விற்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் உங்கள் கடிதத்தில் ஒரு கணக்கு இடிக்கிறது.

2022 ஏப்ரலில் தமிழக அரசு சொத்து வரியை உயர்த்தியபோது, சென்னை தவிர்த்த மற்ற மாநகராட்சிகளில் குடியிருப்புகளுக்குப் பரப்பளவை வைத்து நான்கு படிகள் வைத்தது. 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100. உங்கள் வீடு இரண்டு தளமும் சேர்த்து 1,160 சதுர அடி. 50 சதவீதப் படியில் வர வேண்டும். அப்படியானால் 1,400 ரூபாய் 2,100 ஆகியிருக்கும். நீங்கள் கட்டுவது 2,450. அது சரியாக 75 சதவீத உயர்வு. அதாவது, மாநகராட்சிப் பதிவேட்டில் உங்கள் வீடு 1,200 சதுர அடிக்கு மேல் என்று ஏறியிருக்க வேண்டும். படிக்கட்டுக்கு மேல் போட்ட கூரையையோ, மாடியில் துணி துவைக்கும் இடத்துக்குப் போட்ட ஆஸ்பெஸ்டாஸையோ அறை என்று அளந்திருக்கலாம். 41 சதுர அடி கூடினாலே அடுத்த படிக்குத் தள்ளிவிடும்.

அரையாண்டுக்கு 350 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். இனி எந்த ஆண்டு எத்தனை சதவீதம் ஏற்றினாலும் இந்தத் தவறான தொகையின் மேல்தான் ஏறும்.

எனவே அம்மாபேட்டை மண்டல அலுவலகத்தில் உங்கள் வரிவிதிப்பு எண்ணுக்கான அளவுக் குறிப்பின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். அதில் உள்ள அளவையும் உங்களிடம் இருக்கும் கட்டிட வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால், ஆணையருக்கு அளவைத் திருத்தக் கோரி மனு எழுதி, வரைபட நகலை இணைத்து, மறு அளவீடு கேளுங்கள். இதுவரை கூடுதலாகக் கட்டியதை வரும் அரையாண்டுகளில் ஈடுசெய்ய வேண்டும் என்பதையும் அதே மனுவில் சேர்த்துவிடுங்கள். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம். ஒன்று, மாடியில் சுவர் எழுப்பி உண்மையிலேயே ஓர் அறை கட்டியிருந்தால் அதைக் கணக்கில் சேர்த்தது சரிதான். அப்போது இந்த மனு நிற்காது.

மனுப் போட்டுவிட்டோமே என்று வரியை மட்டும் நிறுத்த வேண்டாம். தாமதத்துக்கு மாதம் 1 சதவீத வட்டி ஏறும், பாக்கி வீட்டின் மேல் பொறுப்பாக நிற்கும், பாக்கியை வைத்துக்கொண்டு மேல்முறையீடு போனால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். ‘ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்’ என்று ஒரு கடிதம் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். அரையாண்டின் முதல் மாதத்திலேயே, அதாவது ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கழியும்.

அப்புறம் கொலுசு வேலை. நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் குடும்பமாக உட்கார்ந்து கொலுசுக்குச் சலங்கை கோக்கிறார்கள். குடியிருக்கும் வீட்டில் ஒரு மூலையில் கைவேலை செய்வதும், ஆள் வைத்து, இயந்திரம் போட்டுப் பட்டறை நடத்துவதும் ஒன்றாகாது. முதல் வகை என்றால், வாடகை ஒப்பந்தத்தையும் அவர்கள் அங்கேயே குடியிருப்பதைக் காட்டும் குடும்ப அட்டை முகவரியையும் வைத்துக் குடியிருப்பாகவே தொடரக் கேளுங்கள். நிஜமாகவே பட்டறை என்றால் மறைக்காதீர்கள். ஆனால் அந்த 520 சதுர அடிக்கு மட்டும்தான் அந்த விகிதம், நீங்கள் குடியிருக்கும் 640க்கு வரக் கூடாது என்று வலியுறுத்துங்கள். வீட்டு மின் இணைப்பில் பட்டறை ஓடினால் மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் இரட்டிப்புக் கட்டணம் வரும் அபாயமும் உண்டு. வாடகைதாரரிடம் இதை இப்போதே பேசிவிடுங்கள். கூடும் வரியை அவர் ஏற்க வேண்டுமென்றால் அது ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். இடையில் வாய்வார்த்தையாக வாடகையைக் கூட்ட 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் இடம் தராது.

மகன் பட்ஜெட்டைக் குறை சொல்கிறார். அவர் சொல்வதில் பாதி சரி. கட்டிடத்துக்கும் நிலத்துக்கும் வரி போடும் அதிகாரம் அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. டெல்லி பட்ஜெட் உங்கள் வீட்டு வரியை நேரடியாகத் தொடுவதில்லை. ஆனால் மத்திய அரசின் வரிப் பணத்தை மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப் பரிந்துரைக்கும் 15ஆவது நிதிக்குழு நகர உள்ளாட்சிகளுக்கு மானியம் தர ஒரு நிபந்தனை வைத்தது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை மாநிலம் அறிவிக்க வேண்டும், வசூல் மாநிலப் பொருளாதார வளர்ச்சியோடு சேர்ந்து ஆண்டுதோறும் கூட வேண்டும். 2022 உயர்வுக்குப் பின்னால் இருந்தது இதுதான். ஆண்டுதோறும் ஏற்றும் வழியும் இப்போதைய சட்டத்தில் இருக்கிறது. சென்னை மாநகராட்சி 2024இல் 6 சதவீதம் ஏற்றியது. மாநிலத்தின் வளர்ச்சி விகிதத்தை ஒரு விதவையின் ஒரே வீட்டின் மேல் அப்படியே ஏற்றுவது நியாயமாக எனக்குப் படவில்லை. பத்து வீடு வைத்து வாடகை வாங்குபவருக்கும் தலைக்கு மேல் ஒரே கூரை உள்ளவருக்கும் இந்தப் படிகளில் வேறுபாடே கிடையாது. வரி மாற்றத்துக்கு ஆட்சேபணை கேட்டு மாநகராட்சி அறிவிப்பு வெளியிடும்போது உங்களைப் போன்றவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். வார்டு கவுன்சிலரையும் கையெழுத்திட்ட மனுவோடு பாருங்கள்.

வருமான வரி விஷயத்தில் மகனின் பயம் தேவையில்லாதது. நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கு வருமானம் என்று எதுவும் கணக்கிட மாட்டார்கள். மாடி வாடகை ஆண்டுக்கு 1,02,000. அதில் மாடிக்கான சொத்து வரியைக் கட்டியிருந்தால் அது கழியும், ஏறக்குறைய 2,200 என்று வைப்போம். மீதியில் 30 சதவீதம் பராமரிப்புக்கென்று கழியும், செலவுச் சீட்டு காட்ட வேண்டாம். மிஞ்சுவது சுமார் 69,900. குடும்ப ஓய்வூதியம் 2,64,000இல் புதிய முறையில் 25,000 கழிந்து 2,39,000. இரண்டும் சேர்த்து 3,09,000க்குள். 2025-26 முதல் புதிய முறையில் 4 லட்சம் வரை வரியே கிடையாது. வேறு பெரிய வருமானம் இல்லையென்றால் நீங்கள் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. குடியிருக்க விட்ட வீட்டு வாடகைக்கு ஜிஎஸ்டியும் கிடையாது.

இனி விற்பனை. அந்த வீட்டை நீங்கள் மட்டும் விற்க முடியாது. உயில் இல்லாமல் கணவர் காலமானதால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நீங்கள், மகன், மகள் மூவருக்கும் சம பங்கு. உங்கள் மாமியார் அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. ஈரோட்டில் இருக்கும் மகளின் கையெழுத்து இல்லாமல் எழுதும் கிரயம் அவர் பங்குக்குச் செல்லாது. விற்றால் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு, அதாவது விற்பனையில் கிடைக்கும் லாபத்துக்கு, அவரவர் பங்குக்கு வரி வரும். 2024 ஜூலை 23க்கு முன் கிடைத்த சொத்து என்பதால், பணவீக்கச் சரிக்கட்டல் (விலைவாசி ஏற்றத்துக்கு ஏற்ப வாங்கிய விலையைக் கூட்டிக் கணக்கிடுவது) இல்லாமல் 12.5 சதவீதம், சரிக்கட்டலோடு 20 சதவீதம், இரண்டில் குறைவான வரியைக் கட்டலாம். வாங்கிய விலைக்குப் பதில் 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை வைக்கலாம், பத்திரப் பதிவுக்கு அரசு நிர்ணயித்த அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல். 12 லட்சம் வரை வரி இல்லை என்று பட்ஜெட்டில் கேட்டிருப்பீர்கள். அந்தச் சலுகை இந்த ஆதாய வரிக்குப் பொருந்தாது. இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினால் விலக்கு உண்டு. ஆனால் வாங்கும்போது, சாதாரணக் கிரயம் என்றால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்சம் என்றால் 3,60,000 ரூபாய். ஆண்டுக்கு 4,900 ரூபாய் வரிக்குப் பயந்து இதைச் செலவழிப்பதா? அந்த ஃபிளாட்டுக்கும் ஒரு மாநகராட்சி வரி போடத்தான் போகிறது, மாதப் பராமரிப்பு தனி.

வீட்டை மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடலாமா என்ற பேச்சும் நாளை வரலாம். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட்டோ (சொத்தை எழுதிக் கொடுப்பது) விடுதலைப் பத்திரமோ (தன் பங்கை விட்டுக்கொடுப்பது) எழுத முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. செலவு குறைவு என்பதாலேயே அவசரப்படாதீர்கள். பிள்ளைகள் இருவரும் மனமொப்பித் தங்கள் பங்கை உங்களுக்கு விடுதலை செய்து தந்தால் அதுவே உங்களுக்கு நல்லது. நீங்கள் எழுதிக் கொடுப்பதாக இருந்தால், கடைசிவரை உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்க வேண்டும். அது இருந்தால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவைப் பிடித்து, பராமரிக்காவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க முடியும்.

வரி ரசீது இன்னும் கணவர் பெயரில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இறப்புச் சான்றிதழோடு, வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழியாக விண்ணப்பியுங்கள். அது வந்ததும் வரிவிதிப்பை வாரிசுகள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். ரசீதில் பெயர் மாறுவது யாருக்கும் தனி உரிமை தந்துவிடாது, மகளிடம் இதைச் சொல்லுங்கள், அவருக்குச் சந்தேகம் வர வேண்டாம். அளவுத் திருத்த மனுவுக்கு இந்தச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டாம், அதை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.