வெளுப்பது துருவமா, வானமா?

அன்புள்ள ஐயா,

பழங்காலக் கிறித்தவக் கவிஞர் புரூதென்சியுஸின் வைகறைப் பாடலை லத்தீனிலிருந்து தமிழாக்கிப் பார்க்கிறேன். 'லூக்ஸ் இன்த்ரத், அல்பேஸ்கித் பொலுஸ்' என்ற வரியில் மாட்டிக்கொண்டேன். பொலுஸ் என்றால் துருவம் என்றுதான் படித்திருக்கிறேன். 'ஒளி நுழைகிறது, துருவம் வெளுக்கிறது' என்று எழுதினால் பொருளே வரவில்லை. அகராதியில் வானம் என்றும் போட்டிருக்கிறது. ஒரே சொல் இரண்டுக்கும் எப்படி? எங்கே எதை எடுப்பது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வரியில் வானம்தான். 'ஒளி புகுகிறது, வானம் வெளுக்கிறது' என்று தயங்காமல் எழுதுங்கள். 'கிழக்கு வெளுக்கிறது' என்று எழுதக் கை துறுதுறுக்கும், வேண்டாம். அங்கே இரவையும் இருளையும் மேகத்தையும் பார்த்து 'அகலுங்கள்' என்கிறார் கவிஞர். ஒரு திசை மட்டும் போதாது.

இரண்டு பொருளும் கிரேக்கத்திலிருந்தே சேர்ந்து வந்தவை. 'பொலொஸ்' சுழலுதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்த சொல். விண்மீன்களைத் தாங்கிச் சுழலும் வானக் கவிகையும் பொலொஸ். அது எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறதோ அதுவும் பொலொஸ். நம் 'துருவம்' இதற்கு நேர்மாறு. வடமொழியில் அதற்கு நிலையானது, அசையாதது என்று பொருள். அதை மனத்தில் வைத்துக்கொண்டு லத்தீனைப் படித்தால் புள்ளி தெரியும், கவிகை தெரியாது.

கிரேக்கக் கவிஞர் அராத்துஸின் வானியல் காவியத்தை இளம் வயதில் லத்தீனாக்கிய ரோமானியப் பேச்சாளர் சிசரோ, அச்சின் முனையை 'வெர்தெக்ஸ்' என்று சொல்லிவிட்டு, அதற்குப் பெயர் பொலுஸ் என்று அறிமுகம் செய்கிறார். அப்போது அது வெளியூர்ச் சொல். பிறகு கவிஞர்கள் பிடித்துக்கொண்டார்கள். யாப்பும் அதற்கு உதவியது. வானத்துக்கு வழக்கமான 'கைலும்' நெடில் அசையில் தொடங்கும். பொலுஸ் குறிலில் தொடங்கும். லத்தீன் காவியங்களின் அறுசீர் அடியில் கைலும் உட்கார முடியாத இடத்தில் பொலுஸ் உட்காரும்.

பிரித்தறிய முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். 'இரண்டும்', 'வட', 'தென்' போன்ற அடை இருந்தால் அநேகமாகத் துருவம். ரோமானியக் கவிஞர் ஓவிதின் பாயெத்தோன் கதையில், சூரியக் கடவுளின் மகன் ஓட்டிய தேர் தறிகெட்டு உலகம் எரியும்போது பூமித்தாய், 'இரண்டையும் பார், இரு பொலுஸும் புகைகின்றன' என்கிறாள். அது துருவம். பன்மையை மட்டும் நம்பாதீர்கள். வெர்கிலின் ஏனெயித் காவியத்தின் முதல் காண்டப் புயலில் 'இன்தொனுவேரே பொலீ', அதாவது 'பொலுஸ்கள் இடித்தன' என்று வருகிறது. பன்மைதான், ஆனால் கடலோடியின் தலைக்கு மேல் துருவங்கள் இடிக்காது, இடித்தது வானம். இந்தப் 'பொலீ' இன்னொரு வகையிலும் ஏமாற்றும். ஒருமையின் 'உடைய' வேற்றுமைக்கும் அதே வடிவம். வினை பன்மையாக இருப்பதால்தான் இங்கே அது எழுவாய் என்று உறுதியாகிறது.

அடுத்து, பக்கத்துச் சொற்கள். விண்மீன், வைகறை, இருள், இடி இருந்தால் வானம். ஏனெயித்தின் அதே காண்டத்தில் காவியத் தலைவன் ஏனெயாஸ் கார்த்தேஜ் அரசி திதோவிடம், 'பொலுஸ் விண்மீன்களை மேய்க்கும் வரை உன் புகழ் நிற்கும்' என்கிறான். ஆயர் அம்புரோசின் சேவல் கூவும் பாடலில் விடிவெள்ளி பொலுஸை இருளிலிருந்து விடுவிக்கிறது. துருவம் என்று போட்டால் இரண்டுமே கெட்டுவிடும்.

உரைநடையில் சிக்கல் குறைவு. வானியல், நிலவியல், காந்தவியல் நூல்களில் துருவம் என்றே எடுத்துக்கொள்ளலாம். 1269இல் பெத்ருஸ் பெரெக்ரீனுஸ் எழுதிய காந்த மடல், வானத்துக்கு இரு பொலுஸ் இருப்பதுபோல் காந்தக் கல்லுக்கும் உண்டு என்கிறது. 'காந்த துருவம்' என்று நாம் இன்று சொல்வது அந்த வழக்கின் தொடர்ச்சி.

'அக்ஸிஸ்' என்ற சொல்லிடமும் எச்சரிக்கை வேண்டும். அச்சு என்றுதான் அகராதி தொடங்கும், ஆனால் கவிதையில் அதுவும் வானமாகும். ஓவிதின் அதே பகுதியில், இரு துருவங்கள் புகைந்த சில அடிகளுக்குள், வானத்தைச் சுமக்கும் புராண அசுரன் அத்லாஸ் தகதகக்கும் அக்ஸிஸைத் தோளில் தாங்க முடியாமல் திணறுகிறான். அச்சுக்கம்பி என்று எழுதிவிடாதீர்கள். அவன் தோளில் இருப்பது வானம்.

ஆங்கில அகராதி வழியாகப் போகிறீர்கள் என்றால் கொடிக்கம்பத்துக்கான 'போல்' குறுக்கே வரும். அதன் மூலம் பொலுஸ் அல்ல, முளைக்குச்சியைக் குறிக்கும் 'பாலுஸ்'. முதல் அசையைக் குறிலாக்கி இரண்டாவதை நீட்டி 'பலூஸ்' என்றால் சதுப்பு நிலம். நெடிலைக் குறித்துக் காட்டும் அகராதியாகப் பார்த்து வாங்குங்கள்.