கால்சியம் மாத்திரைக்குள் விட்டமின் கே

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கி, பலூன் சிகிச்சை செய்துகொண்டவர். துடிப்பு சீராக இல்லை என்பதால் ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் 2 மி.கி. தினமும் மாலை சாப்பிடுகிறார். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். 2.4, 2.6 என்றுதான் எப்போதும் இருக்கும். முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு கால்சியம் மாத்திரை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தார். அடுத்த முறை பார்த்தபோது 1.5. டாக்டர் ஒருநாள் 2 மி.கி., மறுநாள் 3 மி.கி. என்று மாற்றிவிட்டார். கால்சியம் பற்றி அவரிடம் சொல்லவில்லை. “அது சத்து மாத்திரைதானே” என்கிறார் அம்மா. துடிப்பு சீராகும் என்று சொல்லி சிங்கப்பூரிலிருந்து அண்ணன் மெக்னீசியம் மாத்திரையும் அனுப்பியிருக்கிறார். இவற்றைத் தொடரலாமா, இன்றே நிறுத்திவிடவா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். மெக்னீசியம் டப்பாவை இன்னும் திறக்கவில்லை என்றால் அப்படியே இருக்கட்டும். கால்சியம் அட்டையையும் ஐ.என்.ஆர். நோட்டையும் எடுத்துக்கொண்டு, அசிட்ரோம் எழுதிக்கொடுத்த டாக்டரை நாளைக்கே பாருங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், அம்மாவின் அசிட்ரோம் அளவு இப்போது அந்தக் கால்சியம் மாத்திரையோடு சேர்த்துக் கணக்கிட்ட அளவு. டாக்டருக்குத் தெரியாமலே அப்படி ஆகிவிட்டது. கால்சியத்தை மட்டும் சத்தமில்லாமல் நிறுத்தினால், கூட்டிய அசிட்ரோம் முழு வேகத்தில் வேலை செய்யும். ஐ.என்.ஆர். சில நாட்களில் 4, 5 என்று ஏறி, ஈறிலோ குடலிலோ, ஏன் மூளையிலோகூட ரத்தம் கசியலாம். 1.5 என்பதும் ஆபத்தான எண்தான். சீரில்லாமல் துடிக்கும் இதயத்தின் இடது மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அம்மாவுக்குத் தேவையானது 2-க்கும் 3-க்கும் இடைப்பட்ட அளவு. மாத்திரையை நிறுத்துவது, அசிட்ரோமைத் திருத்துவது, சில நாள் கழித்து மறுபடி ரத்தம் பார்ப்பது எல்லாவற்றையும் ஒரே டாக்டர் ஒன்றாகத் திட்டமிட வேண்டும்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் என் சந்தேகம் கால்சியத்தின் மேல் இல்லை, அதோடு கலந்து வருவதன் மேல்தான். இன்று கடைகளில் விற்கும் கால்சியம் மாத்திரைகள் பலவற்றில் விட்டமின் டி3-யோடு விட்டமின் கே2-7 சேர்க்கிறார்கள், எலும்புக்கு நல்லது என்று. அசிட்ரோம் செய்யும் வேலையே, கல்லீரல் விட்டமின் கே-யை வைத்து ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைத் தயாரிப்பதைத் தடுப்பது. ஒரு கையால் விட்டமின் கே-யைத் தடுத்துக்கொண்டு மறு கையால் ஊட்டினால் ஐ.என்.ஆர். இறங்காமல் என்ன செய்யும்? அதிலும் கே2-7 ரத்தத்தில் நாள்கணக்கில் தங்கும் வகை. அசிட்ரோமில் இருக்கும் அசினோகௌமரால் மருந்தைக் கொடுத்து நெதர்லாந்தில் சோதித்தார்கள். நாளுக்கு 10 மைக்ரோகிராம் கே2-7 போதும், சிலருக்கு ஐ.என்.ஆர். நன்றாகவே குறைந்தது.

அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளித்தாளில் எறும்பு போன்ற எழுத்தில் முதலில் கால்சியம், அடுத்து டி3 என்று வரிசையாக இருக்கும். அதற்குக் கீழேதான் “விட்டமின் கே2-7” என்றோ “மெனாகுவினோன்-7” என்றோ அச்சிட்டிருப்பார்கள். கடையில் ஐந்து மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரியால் வெட்டித் தருவது நம் ஊர் வழக்கம். அந்த வரி பெரும்பாலும் கடைக்காரரிடமே தங்கிவிடும். அம்மாவிடம் இருப்பதும் வெட்டிய துண்டு என்றால், முழு அட்டையைக் காட்டச் சொல்லி போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். என்னைப் பார்க்க வருபவர்களிடம் நான் மருந்துச் சீட்டை மட்டும் கேட்பதில்லை. வீட்டில் வாயில் போடும் எல்லாவற்றையும் ஒரு பையில் கொட்டிக் கொண்டுவரச் சொல்வேன். லேகியம், புரோட்டீன் பவுடர், முருங்கைக்கீரை கேப்சூல் எல்லாம் அதில் வரும். முருங்கைக்கீரையில் விட்டமின் கே நிறைய. கீரையை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். இந்த வாரம் தினமும், அடுத்த வாரம் அறவே இல்லை என்று மாறி மாறிச் சாப்பிடாமல் இருந்தால் போதும்.

கால்சியம் உண்மையிலேயே தேவை என்று டாக்டர் முடிவு செய்தால், கே2-7 கலக்காதது தாராளமாகக் கிடைக்கிறது. தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறார் என்றால் இரண்டுக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

“ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லாத புது மாத்திரைக்கு மாறிவிடலாமே” என்று யாராவது சொல்வார்கள். அபிக்சபான், ரிவராக்சபான் போன்றவற்றுக்கும் விட்டமின் கே-க்கும் சம்பந்தமில்லை என்பது உண்மைதான். ஆனால் ருமாட்டிக் வால்வு நோயோடு துடிப்புக் கோளாறும் உள்ள 4,500-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2022-இல் வெளியானது. ரிவராக்சபான் சாப்பிட்டவர்களைவிட அசிட்ரோம், வார்ஃபரின் வகை சாப்பிட்டவர்களிடம்தான் இறப்பு குறைவு. அம்மாவுக்கு அசிட்ரோமே சரி.

இனி அண்ணன் அனுப்பிய மெக்னீசியம். ரத்தத்தில் மெக்னீசியமோ பொட்டாசியமோ குறைந்தால் துடிப்பு தாறுமாறாகும் என்பது சரி. நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இப்படிக் குறைவதுண்டு. அதைப் பரிசோதனையில் பார்த்துவிட்டுக் கொடுப்பது வேறு. அளவு சரியாக இருப்பவருக்கு, மெக்னீசியம் மாத்திரை விழுங்கினால் துடிப்பு சீராகும் என்பதற்குத் திடமான ஆதாரம் இல்லை. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவருக்கு அது உடம்பில் தேங்கும், துடிப்பின் வேகம் குறையும், ரத்த அழுத்தம் இறங்கும். மெக்னீசியம் ஆக்சைடு என்றால் வயிற்றுப்போக்கும் உண்டு. நாலு நாள் பேதியாகி, சரியாகச் சாப்பிடாமல் கிடந்தால் ஐ.என்.ஆர். அதனாலேயே ஏறிவிடும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், மெக்னீசியம், பொட்டாசியம் மூன்றையும் ரத்தத்தில் பார்த்த பிறகு அந்த டப்பாவைத் திறப்பதா என்று யோசிக்கலாம். பொட்டாசியம் என்றதும் இன்னொன்று: ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிறவர்கள் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதை டாக்டரைக் கேட்காமல் வாங்கவே கூடாது. சோடியத்துக்குப் பதிலாக அதில் இருப்பது பொட்டாசியம்.

முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரை எதையும் அம்மா தொட வேண்டாம். அசிட்ரோமோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம்.

கேள்வி: வயது 70. துடிப்புக் கோளாறுக்காக அபிக்சபான் 5 மி.கி. இரண்டு வேளை சாப்பிடுகிறேன். ஹீமோகுளோபின் 9 என்று வந்தது. இரும்புச்சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிடலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: அபிக்சபானும் இரும்பும் ஒன்றோடொன்று மோதாது. எனக்குக் கவலை, ரத்தம் ஏன் குறைந்தது என்பதில்தான். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடும் 70 வயது ஆணுக்கு ஹீமோகுளோபின் 9 என்றால், குடலில் எங்கோ சிறிது சிறிதாகக் கசிகிறதா என்று முதலில் பார்த்தாக வேண்டும். புண்ணாக இருக்கலாம், மூலமாக இருக்கலாம், புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். கடையில் இரும்பு வாங்கிச் சாப்பிட்டால் எண் கொஞ்சம் ஏறும், நிம்மதியாகிவிடுவீர்கள், காரணம் உள்ளேயே வளரும்.

இரும்பு சாப்பிட்டால் மலம் கறுக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். குடலில் ரத்தம் கசிந்தாலும் மலம் கறுக்கும். இரும்பினால் வரும் கறுப்பு கெட்டியாக, கொஞ்சம் பச்சை கலந்து இருக்கும். ரத்தம் கசிந்தால் தார் போலப் பளபளவென்று, பிசுபிசுப்பாக, குமட்டும் நாற்றத்தோடு போகும். அப்படிப் போனால், அல்லது எழுந்து நின்றால் கண் இருட்டினால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு இருப்பு), கிரியாட்டினின், மலப் பரிசோதனை எடுத்துக்கொண்டு வயிறு, குடல் டாக்டரைப் பாருங்கள். எண்டோஸ்கோப்பி, கொலனோஸ்கோப்பி தேவைப்படலாம். காரணம் தெரிந்த பிறகு இரும்பைத் தாராளமாகச் சாப்பிடலாம், டீ, காபி, கால்சியம் இவற்றோடு சேர்க்காமல். தார் போல மலம் போகாதவரை, ரத்தம் குறைந்துவிட்டதே என்று பயந்து அபிக்சபானை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே அதன் பாதுகாப்பு போய்விடும். அதைத் தொடர்வதா, சில நாள் நிறுத்திவைப்பதா என்பதை உங்கள் இதய டாக்டரும் குடல் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும்.