கீழே நிற்கிற கை

அன்புள்ள அண்ணா,

வணக்கம். உங்கள் மாமாவோடு மரம் வெட்டும் வேலைக்குப் போன நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நான் குடியாத்தம் பக்கம், வீட்டில் பீடி சுற்றுகிறேன். என் வீட்டுக்காரர் மரம் ஏறுகிறவர். வீட்டு மேல் சாய்ந்த கிளையைக் கழிப்பது, பட்டுப்போன மரத்தைத் துண்டு துண்டாக இறக்குவது, தென்னை சுத்தம் செய்வது எல்லாம் செய்வார். ஆனால் தனக்கென்று கயிறு கட்ட மாட்டார். "எங்க அப்பா நாப்பது வருசம் பனை ஏறினாரு, கயிறா கட்டினாரு" என்பார். போன மாதம் கூட வருகிற பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். இப்போது வெட்டிய கிளையை இறக்குகிற கயிற்றைக் கீழே நின்று பிடிக்க ஆள் இல்லை, எந்த வீட்டில் வேலையோ அந்த வீட்டு ஆட்களையே பிடிக்கச் சொல்கிறார். நான் வருகிறேன் என்றால் சிரிக்கிறார். என் எடை 45 கிலோ. என்னால் பிடிக்க முடியுமா அண்ணா? நீங்கள் எழுதுவதை அவரும் படிப்பார், அவருக்கும் ஏதாவது சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி, குடியாத்தம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

முடியும். தாராளமாக முடியும். மாமாவிடம் கயிறு பிடிக்கச் சேர்ந்தபோது நானும் 48 கிலோதான், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. எட்டு வருடம் காட்பாடி, சத்துவாச்சாரி, ஆற்காடு, ஆம்பூர் என்று அலைந்து கயிறு பிடித்திருக்கிறேன். மரம் ஏறியது குறைவு, அதனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் தரையில் நின்று தெரிந்துகொண்டதுதான்.

மரவேலை நடக்கிற இடத்தில் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். மேலே இருப்பவர்தான் வேலைக்காரர், கீழே கயிறு பிடிக்கிறவன் எடுபிடி என்று நினைப்பு. கூலியும் அப்படித்தான், பாதிகூட வராது. ஆனால் வீட்டுக்கு மேல் கவிந்திருக்கிற மரத்தில் ஒரு கிளையை வெட்டுவது மெஷின் வாளுக்கு இரண்டு நிமிட வேலை. வெட்டியதை ஓடு உடையாமல், ஒயர் அறாமல், ஏறியவர் மேல் மோதாமல் தரைக்குக் கொண்டுவரத்தான் பொழுது போகிறது, அந்த வேலை முழுக்கக் கீழே இருப்பவர் கையில் இருக்கிறது. அதைப் போய் அந்தந்த வீட்டு ஆட்களிடம் உங்கள் வீட்டுக்காரர் கொடுக்கிறார் என்று படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அவர் கயிறு கட்டாமல் ஏறுவதைவிட எனக்கு இதுதான் பெரிய பயம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு அடி கனம், பத்தடி நீளம் உள்ள ஒரு கிளைத்துண்டு. அது தண்ணீராக இருந்தாலே 220 கிலோ வரும், பச்சைப் புளி என்றால் அதற்கும் மேல். அதை உங்களாலும் பிடிக்க முடியாது, ஊரில் இருக்கிற எந்தப் பயில்வானாலும் பிடிக்க முடியாது. பிடிப்பது மரத்தின் தூர், அதாவது அடிமரம். கிளையில் கட்டிய கயிறு, அதற்கு மேலே உறுதியான கவையில் மாட்டிய கப்பி வழியாகப் போய், கீழே வந்து தூரைச் சுற்றி, அப்புறம்தான் உங்கள் கைக்கு வருகிறது. தூரில் ஒரு முழுச் சுற்று சுற்றினால் கைக்கு வருகிற இழுவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகிவிடும். இரண்டாவது சுற்று அதையும் ஐந்தாகப் பங்கு போடும். மூன்று சுற்று போட்டால் அந்த 220 கிலோ உங்கள் கையில் இரண்டு கிலோ சர்க்கரைப் பை அளவுக்கு வந்து நிற்கும். பட்டை எவ்வளவு சொரசொரப்பு, கயிறு எவ்வளவு வழவழப்பு என்பதைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும், ஆனால் கணக்கு இந்த வழியில்தான் போகும். துறைமுகத்தில் அவ்வளவு பெரிய கப்பலை முளையில் வடம் சுற்றி நிறுத்துகிறார்களே, அதுவும் இதே கணக்குதான்.

சரி, அப்படியானால் ஐந்து சுற்று போட்டுவிட்டால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். கூடாது. அதிகம் சுற்றினால் கயிறு ஓடாது. கிளை அறுந்து விழும் வேகத்தில் கயிறு டக்கென்று நின்றால் அந்த உதறல் முழுக்க மேலே போகும். கிளை சும்மா தொங்கினாலே கப்பி சுமப்பது அதன் எடையைப்போல இரண்டு மடங்கு, ஒரு பக்கம் கிளை இழுக்கிறது, மறுபக்கம் கீழே போகிற கயிறு இழுக்கிறது. ஒரு முழம் விழுந்து சடாரென்று நின்றால் இன்னும் சில மடங்கு ஏறும். அந்தக் கப்பி தொங்குகிற அதே மரத்தில்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதை மறந்துவிடாதீர்கள். அதனால் கிளை அறுந்ததும் கயிற்றை ஓடவிட வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும்போதே இறுக்கிக்கொண்டே வந்து நிறுத்த வேண்டும். மாமா மேலேயிருந்து "வுடு... வுடு... வுடு... மெல்ல... புடி" என்பார். முதல் 'வுடு'வுக்கும் 'புடி'க்கும் நடுவில் பட்டைத்தூள் முகத்தில் பறக்கும், கையுறைக்குள் உள்ளங்கை சூடேறும், கயிறு தூரில் உரசி லேசாகக் கருகிய வாடை வரும். சில மாதத்தில் அவர் சொல்வதற்கு முன்பே என் கை 'புடி' என்று இறுகிவிடும். அது பழக வருவதுதான், உடம்பு பலம் வேண்டியதில்லை.

பழகுவதற்கு முன் நான் செய்த தப்பையும் சொல்கிறேன். சேர்ந்து இரண்டாம் வருடம், சத்துவாச்சாரியில் ஒரு வீட்டு வாசலில் தூங்குமூஞ்சி மரம். அன்றைக்கு அது ஆறாவதோ ஏழாவதோ கிளை, பார்க்கச் சின்னதாக இருந்தது, நானும் களைத்திருந்தேன். ஒரே சுற்றுதான் போட்டேன். கையுறையையும் கழற்றி வைத்திருந்தேன். மேலே 'மடக்' என்று சத்தம் வந்தது, கயிறு என்னைத் தூரோடு சேர்த்து இழுத்தது, உள்ளங்கைத் தோல் உரிந்துபோகிற வரைக்கும் பிடித்திருந்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். கிளை ஊஞ்சல் மாதிரி திரும்பி வந்து மாமா நின்ற கொம்பின் அடியில் மோதியது. அவர் கால் இரண்டும் நழுவி, இடுப்புக் கயிற்றில் தொங்கினார். இறங்கி வந்து என் கையை விரித்துப் பார்த்தார். "எத்தினி சுத்து?" என்று மட்டும் கேட்டார். ஒன்று என்றேன். வேறு எதுவும் பேசவில்லை. இரண்டு வாரம் அம்மா சோறு ஊட்டிவிட்டார்.

அன்றைக்கு மாமா தன்னைக் கட்டிக்கொண்டிருந்தார். அதனால் இன்றைக்கும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்.

இனி மாப்பிள்ளைக்கு. மாப்ளே, உங்கள் அப்பா கயிறே இல்லாமல் ஏறவில்லை. காலில் தளைக்கயிறு இருந்திருக்கும், அது இல்லாமல் பனையேறி பனையைத் தொட மாட்டார். பனைக்கு அது பொருந்தும். ஒரே தண்டு, கட்டிப்பிடித்து ஏறலாம், மேலே போய் அறுப்பது பாளை, ஓலை, நுங்குக் குலை. வேம்பும் புளியும் அப்படியா? நுனிக் கனத்தை அறுத்துத் தள்ளியதும் நீங்கள் நிற்கிற கிளை பாரம் குறைந்து சட்டென்று மேலே எகிறும், அந்த நேரம் உங்கள் இரண்டு கையும் மெஷினில் இருக்கும். அப்பா காலத்தில் அவர் கையில் இருந்தது அரிவாள். இந்த ஆபத்து அவருக்கு வந்ததே இல்லை, அதனால் இதற்கு அவரைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

கட்டுவதென்றால் இரண்டு இடத்தில் கட்டுங்கள். தலைக்கு மேலே நல்ல கவையில் போட்ட கயிறு ஒன்று, நிற்கிற கொம்பைச் சுற்றி இடுப்புக்கு வருகிற குட்டைக் கயிறு ஒன்று. மெஷின் ஓடும்போது இரண்டும் இருக்க வேண்டும், வாள் தவறி ஒன்றை அறுத்துவிட்டாலும் மற்றது இருக்கும். அறுக்கிற கிளையில் எதையும் கட்டக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும். வெறும் இடுப்பு பெல்ட்டில் தொங்கினால் விலாவை இறுக்கி மூச்சு முட்டும், தொடைக்கும் வார் வருகிற மாதிரியானதை வாங்குங்கள். மேல் கயிற்றில் நகர்வதற்கு ஒரு முடிச்சு இருக்கிறது, கார்ல் புருசிக் என்கிற ஆஸ்திரிய மலையேறி 1931-ல் எழுதிவைத்தது, அவர் பெயரிலேயே புருசிக் முடிச்சு என்கிறார்கள். மெல்லிய கயிற்றில் ஒரு வளையம் செய்து, அதைக் கனமான கயிற்றின் மேல் மூன்று தடவை உள்ளே விட்டுச் சுற்றினால் போதும். பாரம் இல்லாதபோது கையால் தள்ளலாம், ஆள் தொங்கினால் கவ்விக்கொள்ளும். இதற்கு நைலான் கயிறுதான் ஆகும். மஞ்சளும் நீலமுமாகக் கடையில் தொங்குகிற பிளாஸ்டிக் கயிறு வெயிலில் மொறுமொறுத்துப்போகும், நம் வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? உரசல் சூட்டில் நைலானுக்கு முன்னாலேயே உருகியும் விடும். கிளை இறக்குகிற கயிற்றில் ஆள் தொங்கக் கூடாது, இரண்டையும் தனித்தனியாக வையுங்கள்.

கிளையை அறுக்கும்போது முதலில் அதன் கீழ்ப்பக்கம் ஒரு வெட்டு, அப்புறம் மேலே. மேலேயே ஆரம்பித்தால் கிளை பாதியில் கிழிந்து பட்டை கீழ்நோக்கி உரிந்துகொண்டே வரும், உங்கள் இடுப்புக் கயிறு சுற்றியிருப்பது அந்த இடத்தில்தான். கயிற்றை வெட்டுவாய்ப் பக்கம் கட்டினால் நுனி முதலில் சாயும், நுனிப்பக்கம் கட்டினால் அடி முதலில் இறங்கும், வீடு எந்தப் பக்கம் என்று பார்த்துக் கட்டுங்கள். முருங்கையும் நாவலும் சொல்லாமல் முறியும், ஒதி மரத்தைப் பெருத்திருக்கிறது என்று நம்பிக் கப்பி மாட்டாதீர்கள், பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாது என்று அதை நம் ஆட்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். புளி வளையும், தாங்கும்.

இன்னொரு விஷயம், இது இரண்டு பேருக்கும். வங்கிக் கணக்கு இருந்தால் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் சேருங்கள். வருடத்துக்கு 20 ரூபாய், விபத்தில் உயிர் போனால் 2 லட்சம். உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியப் பதிவைப் பற்றித் தொழிலாளர் அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள்.

தங்கச்சி, நீங்கள் இந்த வாரமே ஆரம்பிக்கலாம். ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தோல் கையுறைக்குப் பஞ்சமில்லை, உங்கள் கை அளவுக்குச் சரியாக வாங்குங்கள், பெரிதாக இருந்தால் கயிற்றோடு உள்ளே மாட்டும். கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்கவே கூடாது. கீழே கிடக்கிற மீதிக் கயிற்று வளையத்துக்குள் காலை வைக்கக் கூடாது. கிளை வருகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள். ஐம்பது கிலோ மணல் மூட்டை ஒன்றை வீட்டுப் பக்கத்து மரத்தில் கப்பி மாட்டி, அவரை மேலே ஏற்றச் சொல்லுங்கள். முதலில் மூன்று சுற்று போட்டு இறக்குங்கள். அது நகரவே நகராது, கயிற்றை நீங்கள்தான் ஊட்டிவிட வேண்டியிருக்கும். அப்புறம் இரண்டு. இரண்டில் அது ஓட ஆரம்பிக்கும்போது கை எங்கே இறுகுகிறது என்று பாருங்கள். ஒரு முட்டையைத் தரையில் வைத்து அதன்மேல் மூட்டை தொட்டும் தொடாமலும் நிற்கிற மாதிரி இறக்கச் சொல்லித்தான் மாமா எனக்குப் பழக்கினார். நான் பதினொரு முட்டை உடைத்தேன். நீங்கள் எத்தனை என்று எழுதுங்கள்.