சூயிங் கம்மைத் துப்பிய பெண்ணும் வேறு சில கேள்விகளும்

புத்தகங்களைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் விமர்சகர் இல்லை. 33 வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்தேன், மிச்ச நேரத்தில் கதை படித்தேன். நான் படித்த புத்தகமாக இருந்தால் பதில் வரும். இல்லையென்றால் "படிக்கவில்லை" என்று வரும்.

கல்லூரி மாணவி, திருச்சி: டீச்சர், இதுவரை தமிழ் நாவல் எதுவும் படித்ததில்லை. பொன்னியின் செல்வனிலிருந்து தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கும்மா. ஆனால் அது 1950லிருந்து 1954 வரை வாரம் ஒரு துண்டாக வந்த தொடர்கதை. அடுத்த வாரம் வரை வாசகரைத் தவிக்க விடவேண்டும் என்பதற்காகவே ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு காலடிச் சத்தத்திலோ ஒரு அலறலிலோ முடியும். ஒரே மூச்சில் விழுங்கினால் மூன்றாம் பாகத்தில் திகட்டிவிடும். நாளைக்கு நாலு அத்தியாயம் போதும்.

இன்னொன்று. கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமை ஆகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். வாங்கும்போது புது வெள்ளம், சுழற்காற்று, கொலைவாள், மணிமகுடம், தியாகச் சிகரம் என ஐந்து பாகமும் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் நாலு பக்கத்தைப் புரட்டி, எங்காவது பொடி எழுத்தில் "சுருக்கம்" என்று ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு புத்தகக் கண்காட்சியில் குற்றமும் தண்டனையும் வாங்கினேன். பெயர் சொல்ல வேண்டாம், ஒரு பதிப்பகம். வீட்டுக்கு வந்து பிரித்தால் 180 பக்கம். தஸ்தயெவ்ஸ்கி எழுதியது ஆறு பாகமும் ஒரு பின்கதையும். கொலை இருந்தது, தண்டனையைத்தான் காணோம். எம்.ஏ. சுசீலாவின் முழு மொழிபெயர்ப்பு கைக்கு வந்த பிறகுதான் அந்தக் கோபம் தணிந்தது.

கோவையிலிருந்து ஒருவர்: ஜே.ஜே: சில குறிப்புகள் இருபது பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. என் மேல் தப்பா, புத்தகத்தின் மேல் தப்பா?

யார் மேலும் இல்லை. ஜோசஃப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளன் 1960 ஜனவரி 5ஆம் தேதி, பிரெஞ்சு எழுத்தாளர் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள், இறந்துபோனதாகத்தான் நாவல் ஆரம்பிக்கும். காம்யு இறந்தது நிஜம். ஜே.ஜே. இருந்ததே பொய். நிஜத் தேதிக்குப் பக்கத்தில் பொய்த் தேதியை உட்காரவைத்த அந்த ஒரு வரிக்காகவே நான் சுந்தர ராமசாமிக்கு அடிமை. அப்படியும் முதல் தடவை பாதியில் மூடி வைத்தவள்தான் நானும்.

நான் கண்டுபிடித்த வழி: பின்பாதியில் வரும் ஜே.ஜே.யின் நாட்குறிப்பை முதலில் படியுங்கள். ஆள் பிடித்துப்போனால் அவனைத் தேடி அலையும் கதைசொல்லி பாலுவின் முன்பாதிக்கு வாருங்கள். சு.ரா. வாசகர்கள் அடிக்க வந்தாலும் சரி, எனக்கு அப்படித்தான் திறந்தது. அதுவும் ஒத்துவரவில்லையா, ஒரு புளியமரத்தின் கதைக்குப் போய்விடுங்கள். 1966இல் வந்தது. வழுக்கிக்கொண்டு போகும்.

சென்னை: அசுரன் பார்த்துவிட்டேன். வெக்கை படிக்க வேண்டுமா?

வேண்டும். வெக்கையிலிருந்து எடுத்த படம்தான். ஆனால் படம் அப்பாவின் கதை, பூமணி எழுதியது பையனின் கதை. படத்தின் முன்கதை நாவலில் கிடையாது. கொலையைச் செய்துவிட்டு அப்பாவோடு காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரியும் சில நாட்கள்தான் மொத்தமும். என்ன சமைத்தார்கள், எங்கே படுத்தார்கள் என்பதிலேயே பயம் ஏறிக்கொண்டு வரும். சின்னப் புத்தகம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

தாம்பரம்: பொன்னியின் செல்வன் படித்தால் சோழர் வரலாறு முழுசாகத் தெரிந்துவிடுமா?

தெரியாது. கதையில் வரும் நந்தினி கல்கியின் கற்பனை. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றி நமக்குக் கையில் இருப்பது உடையார்குடி கல்வெட்டு. காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது. அதில் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர்கள் வரும். துரோகிகளான இவர்களின் சொத்தைப் பறித்து விற்ற சேதி. யார் தூண்டினார்கள் என்று கல் சொல்லவில்லை. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழர் மேல் சந்தேகப்பட்டார், மற்றவர்கள் மறுத்தார்கள். வரலாறு வேண்டுமென்றால் அவருடைய சோழர்கள் நூலுக்குப் போங்கள்.

மதுரை: ஜெயகாந்தனின் அக்கினிப் பிரவேசம் அற்புதமான சிறுகதை. அதை ஏன் சில நேரங்களில் சில மனிதர்கள் என்று இழுத்துக் கெடுத்தார்?

வாங்க. இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

தெரியாதவர்களுக்குக் கதை. மழையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கல்லூரிப் பெண். பெரிய கார் ஒன்று வந்து நிற்கிறது. ஏறுகிறாள். அந்தக் காருக்குள் நடக்கக்கூடாதது நடக்கிறது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா முதலில் அலறுகிறாள், அடிக்கிறாள். சத்தம் கேட்டு என்னவென்று விசாரிப்பவர்களிடம், மழையில் நனைந்து வந்துவிட்டாள் என்று சமாளிக்கிறாள். அப்புறம் மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லிவிடுகிறாள். சீதைக்கு நெருப்பு, இவளுக்குத் தண்ணீர். 1966இல் விகடனில் வந்தபோது எதிர்ப்பு கிளம்பியதில் ஆச்சரியம் இல்லை.

நாவலில் ஜெயகாந்தன் ஒரே ஒரு குறியை மாற்றினார். கணக்கு டீச்சர் பாஷையில் சொன்னால், கூட்டல் இருந்த இடத்தில் கழித்தல். அம்மா சமாளிக்காமல் ஊரைக் கூட்டிவிட்டால்? அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். படிக்கவைக்கும் மாமா, அந்த உபகாரத்துக்கு விலையாக அவளையே கேட்கிறார். நாவலில் கங்கா என்று பெயர் கொண்ட அந்தப் பெண் படித்து, பெரிய உத்தியோகத்தில் உட்கார்ந்து, யாருக்கும் ஒட்டாத பெண்ணாகிறாள். இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம்: அக்கினிப் பிரவேசம் நாவலுக்குள்ளேயே ஒரு பத்திரிகைக் கதையாக வருகிறது. வேறொரு எழுத்தாளர் எழுதியதாக. அதைப் படித்துவிட்டு கங்காவின் அம்மா அழுகிறாள், அந்த அம்மா செய்ததை நான் செய்யாமல் போனேனே என்று. தன் கதையைத் தன் பாத்திரத்தின் கையில் கொடுத்து அழவைத்த துணிச்சல் லேசானதில்லை.

ஆகவே அது இழுத்த கதை இல்லை. சிறுகதை அம்மாவுடையது, நாவல் மகளுடையது. 1972இல் சாகித்ய அகாடமி பரிசு வாங்கியது என்பதால் சொல்லவில்லை. பரிசு வாங்கிய எத்தனையோ புத்தகம் என் அலமாரியில் தூங்குகிறது.

தஞ்சாவூர்ப் பெரியவர்: ஒத்துக்கொள்ள மாட்டேன். சிறுகதையில் கருணை இருக்கிறது. நாவலில் கங்கா பக்கம் பக்கமாகத் தனக்குள் பேசிக்கொண்டே இருக்கிறாள்.

ஐயா, பேசுகிறாள்தான். நடுவில் மாமாவோடு நடக்கும் வாக்குவாதங்களில் முப்பது பக்கம் வெட்டினாலும் நஷ்டம் இல்லை. அந்தக் குற்றத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சிறுகதை முடியும்போது அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்று உங்களுக்குத் தெரியுமா? அம்மா சொல்கிறாள், அவள் கேட்டுக்கொள்கிறாள், அவ்வளவுதான். கருணை காட்டியவளின் பேச்சு மட்டும்தான் நம் காதில் விழுகிறது.

பெயர் வேண்டாம், பெங்களூர்: அந்த அம்மா செய்தது மூடி மறைத்ததுதானே? போலீசுக்குப் போயிருக்க வேண்டாமா?

இப்படிக் கேட்க இவ்வளவு வருடம் ஆனதே என்றுதான் எனக்கு வருத்தம். கதை அந்த ஆளைக் கொஞ்சம் செல்லமாகவே விட்டுவிடுகிறது. கார் போய்விடும், அவன் பாட்டுக்குப் போய்விடுவான். அதில் எனக்கும் கதையின் மேல் கோபம் உண்டு. ஆனால் அந்த அம்மாவுக்கு அன்றைக்கு இருந்தது கொல்லையில் தண்ணீரும் பக்கத்து வீட்டில் காதும். அதை வைத்து அவள் போட்ட கணக்கு அது. நாம் இன்றைய விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு திருத்தக்கூடாது.

மதுரை (மறுபடியும்): அப்படியானால் சூயிங் கம்?

நல்லா கேட்டீங்க. காரில் அவன் கொடுத்த சூயிங் கம்மை அவள் வீடு வந்த பிறகும் மென்றுகொண்டிருப்பாள். தண்ணீர் ஊற்றி முடித்த அம்மா, வாயில் என்னடி என்று கேட்டுத் துப்பச் சொல்வாள். துப்பிவிடுவாள். மொத்தக் கதையும் அந்த மிட்டாயில் இருக்கிறது. உடம்பைக் கழுவ ஒரு குளியல் வேண்டியிருந்தது, மிச்சம் துப்பினால் போகிற விஷயம் என்கிறார் ஜெயகாந்தன். நாவலில் கங்காவால் துப்ப முடியவில்லை, அதுதான் வித்தியாசம்.

பல வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில், பக்கத்து டீச்சர் லீவு என்று பன்னிரண்டாம் வகுப்புப் பெண்களிடம் என்னை அனுப்பினார்கள். இந்தக் கதையைத்தான் வாசித்துக் காட்டினேன். முடித்ததும் வகுப்பே சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, "அன்றைக்கு அந்த அம்மா ஊரில் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் டீச்சர்?" என்றாள். அவள் நாவலைப் படித்திருக்கவில்லை. ஜெயகாந்தன் கேட்டுக்கொண்ட கேள்விக்குப் பக்கத்து வீட்டில் அவளாகவே போய் நின்றாள். அதனால்தான் நாவல் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருகிறேன்.

தஞ்சாவூர்ப் பெரியவர்: சரி, பாதி ஒத்துக்கொள்கிறேன். அந்த முப்பது பக்கத்தை வெட்டிக் கொடுங்கள்.

சுருக்கப் பதிப்பா? என்னிடமா?

நெல்லை: பொன்னியின் செல்வனில் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?

மேலே தாம்பரத்துக்குச் சொல்லியிருக்கிறேன்.

சேலம்: பொன்னியின் செல்வன் படம் போதுமா, புத்தகமும் வேண்டுமா?

கேள்வியை மாற்றிக் கேட்டாலும் விடை அதேதான். திருச்சிக்குச் சொன்னதைப் பாருங்கள்.

ஓசூர்: தன்னம்பிக்கை நூல் ஒன்று சொல்லுங்கள்.

படிப்பதில்லை.

அறந்தாங்கி: அப்பாவின் பரணில் ஒரு பெட்டி நிறைய ரஷ்யப் புத்தகங்கள். எடைக்குப் போடலாமா?

போட்டால் நான் பேசமாட்டேன். மாஸ்கோவிலிருந்து கப்பலில் வந்து, நியூ செஞ்சுரி புத்தகக் கடையில் ஒரு சினிமா டிக்கெட் விலைக்குக் கிடைத்தவை அவை. சோவியத் போனதோடு அந்த வரத்தும் நின்றது. பெட்டியில் பூ. சோமசுந்தரம் மொழிபெயர்த்த உண்மை மனிதனின் கதை இருக்கிறதா பாருங்கள். இரண்டு காலையும் இழந்த விமானி மறுபடி விமானம் ஓட்டும் கதை. அப்படி ஒருவர் நிஜமாகவே இருந்தார். பிரசாரமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பனிக்காட்டில் அவன் தவழ்ந்து வரும் பக்கங்களைப் படித்தபோது எனக்கு மே மாதத்திலேயே கால் சில்லிட்டது. கிருஷ்ணையாவின் வெண்ணிற இரவுகள் கிடைத்தால் அதையும் தனியாக எடுத்து வையுங்கள்.

சிங்கப்பூர்: புலம்பெயர்ந்தவர்களைப் பற்றிய நாவல் ஒன்று?

ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி. இளம் வயதில் இந்தோனேசியாவின் மைடானுக்குப் பிழைக்கப் போனவர் அவர். திரும்பி வந்து மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். எழுதியது இரண்டே நாவல். இது 1972இல் புத்தகமாகி, ரொம்ப நாள் யாரும் சீண்டவில்லை. ஜப்பான்காரன் மைடானுக்குள் நுழைவதில் ஆரம்பித்து, வட்டிக்கடை மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று செட்டியார் கிட்டங்கி (கடைக் கிடங்கு) வாசனையோடு போகும். புயலில் தொங்கான் என்ற பாய்மரக் கப்பல் ஆடும் பக்கங்களைப் பஸ்ஸில் படிக்காதீர்கள். எனக்கு வாந்தி வந்தது, பாராட்டாகத்தான் சொல்கிறேன். மலாய்ச் சொற்கள் புரியவில்லையென்றால் நிற்காமல் ஓடுங்கள், நாலாவது தடவை தானே புரியும். உங்கள் ஊரில் இருப்பவருக்கு முதல் தடவையே புரியும். முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். நம் ஊர் முன்னுரைக்காரர்களுக்குக் கதையைச் சொல்லாமல் இருக்கத் தெரியாது.

விழுப்புரம்: இதெல்லாம் பிடிஎப் கிடைக்குமா?

நூலகத்தில் கிடைக்கும்.

காரைக்குடி: இப்போதுதான் வந்தேன் டீச்சர். பொன்னியின் செல்வனிலிருந்து தொடங்கலாமா?

தொடங்குங்கள். ஐந்து பாகமும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டு.