காப்பகத்தில் மூர்க்கமாகிற பையன்களைக் கட்டிப்போடாமல், அறையில் பூட்டாமல் சமாளிக்க முடியுமா?

முடியும். திருமங்கலம் பக்கம் பையன்கள் காப்பகம் ஒன்றில் காப்பாளராக வேலை பார்க்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பையன் கல்லைத் தூக்கிய பிறகு என்ன செய்வது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் என்ன நடந்தது என்று பாருங்கள். நாங்கள் ஒவ்வொரு சண்டையையும் நோட்டில் எழுத ஆரம்பித்தோம்: எத்தனை மணி, எந்த இடம், யார் டியூட்டி, அதற்கு முன் யார் என்ன சொன்னார்கள். சீக்கிரமே விஷயம் பிடிபட்டது. பெரும்பாலும் ஞாயிறு சாயங்காலம். அன்றைக்குத்தான் வீட்டு ஆட்கள் பார்க்க வருவார்கள். யாரும் வராத பையன் கேட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சாப்பாட்டு வரிசையில் எவனாவது லேசாக இடித்தால் போதும், தட்டு பறக்கும். இப்போது சாப்பாட்டுக்கு ரொம்ப முன்னாலேயே அவனுக்கு வீட்டுக்குப் போன் போட்டுக் கொடுக்கிறோம். எடுக்க ஆளில்லை என்றால் சமையல்கார அக்கா பேச்சுத் துணைக்கு அழைத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்.

அப்புறம், "கோபம் வந்தா உனக்கு எது ஒத்துவரும்?" என்று பையனிடமே நல்ல நேரத்தில் கேட்டு வைக்க வேண்டும். குழாயடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்ற விட்டால் போதும் என்றான் ஒருவன். இன்னொருவன், "தோளைத் தொடாதீங்க சார், எங்கப்பா அங்க பிடிச்சுத்தான் அடிப்பாரு" என்றான். தோளைத் தட்டி ஆறுதல் சொல்வது நமக்கெல்லாம் பழக்கம், அவனுக்கு அதுவே ஆகாது. இதையெல்லாம் எழுதி, நைட் வாட்ச்மேன் அண்ணன் வரை சொல்லி வைக்கிறோம்.

மாடியிலிருந்து குதிக்கப் போகிறவனைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆபத்து நீங்கியதும் விட்டுவிட வேண்டும். குப்புறத் தள்ளி முதுகில் முட்டியை ஊன்றுவது கூடவே கூடாது, மூச்சடைத்து உயிரே போகும். அமெரிக்காவில் 1998-ல் ஒரு நாளிதழ், மனநல நிலையங்களிலும் காப்பகங்களிலும் ஆட்களைப் பிடித்துக் கட்டுப்படுத்தும்போதோ தனியறையில் அடைத்தபோதோ நேர்ந்த சாவுகளைத் தேடியது. பத்து ஆண்டுகளில் 142 பேர். நமக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 2001 ஆகஸ்டில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் மனநோயாளிகள் கருகினார்கள். மொத்தம் 28 பேர் போய்விட்டார்கள்.

"கொஞ்ச நேரம் பூட்டி வச்சா அடங்கிடுவான்" என்பவர்களுக்கு: உள்ளே அவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டால் யார் பார்ப்பது? மனநல நிலையங்களிலேயே நோயாளியைத் தனியறையில் அடைக்கக் கூடாது என்கிறது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம். காப்பகத்தில் கண்டிக்கிறேன் என்று அடித்தால், 2015 இளைஞர் நீதிச் சட்டம் 82-வது பிரிவுப்படி முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம், மறுபடி செய்தால் மூன்று மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும்.

ஆள் பற்றாக்குறைதான் பெரிய தடை. தனி ஆளாக இருக்கும் காப்பாளர் பயத்தில்தான் கையை ஓங்குகிறார். நிர்வாகத்திடம் நோட்டைக் காட்டி, சண்டை வருகிற நேரத்துக்காவது இன்னொரு ஆள் கேளுங்கள். பூட்டத்தான் வேண்டும் என்று அவர்கள் கட்டாயப்படுத்தினால் குழந்தைகள் நலக் குழுவிடம் எழுதிக் கொடுங்கள், அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.